மைனஸ் 17.78: கன்வர்ட் ஃபங்ஷனோடு ஒரு வருடம்

ஒரு எக்செல் ஷீட்டில் மைனஸ் 17.78 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே குளிர் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் அளவே இல்லை, செல் காலி. காலி செல்லைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு, பூஜ்ஜியம் பாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றினால் வருவதுதான் அது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. அதுவரை நான் திட்டிக்கொண்டிருந்தது வெப்பமானியை, பாவம்.

வேலை இதுதான். ஒரு குளிரறையின் அளவுகள், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு 288 வரிசை, எல்லாம் பாரன்ஹீட்டில். எனக்கு வேண்டியது செல்சியஸ். அலகு மாற்றித் தரும் கன்வர்ட் ஃபங்ஷனைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிட்டு சராசரி எடுத்தேன். 4 டிகிரி வர வேண்டிய இடத்தில் 3.09 வந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு மணி நேரம் கருவி எதையும் பதியவில்லை, 12 செல் காலி. 276 நல்ல அளவுகளோடு பன்னிரண்டு மைனஸ் 17.78-ஐக் கலந்தால் சராசரி கிட்டத்தட்ட ஒரு டிகிரி இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, சிவப்பாக எதுவும் மின்னாது. அழகாக ஒரு எண் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் இந்த விமர்சனத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கன்வர்ட் நல்ல ஃபங்ஷன். 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பதைத்தான் கீழே முழுக்கப் புலம்பியிருக்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

முதலில் தெரியாதவர்களுக்காக. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் மூன்றிலுமே இது இருக்கிறது. சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் கன்வர்ட் என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: எந்த எண், எந்த அலகிலிருந்து, எந்த அலகுக்கு. தமிழில் எழுதிக் காட்டினால் =கன்வர்ட்(ஏ2,"எஃப்","சி") என்று வரும். அலகு இரண்டும் மேற்கோள்குறிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ பெயர் சொல்கிறீர்கள் என்று நினைத்து நேம் பிழை காட்டும். எக்செல் 2007-க்கு முன்னால் இது அனாலிசிஸ் டூல்பேக் என்ற கூடுதல் தொகுப்பில் ஒளிந்திருந்தது, அதை இயக்கி வைக்காத கணினியில் இதே நேம் பிழைதான் வரும். இப்போது எல்லாவற்றோடும் சேர்ந்தே வருகிறது. நீளம், எடை, அழுத்தம் என்று நிறைய மாற்றித் தரும், ஆனால் நான் வெப்பநிலைக்கு மட்டும்தான் அதிகம் தொட்டேன், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இனி முதல் கடுப்பு. அலகின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். பாரன்ஹீட்டுக்குப் பெரிய எஃப், செல்சியஸுக்குப் பெரிய சி, கெல்வினுக்குப் பெரிய கே. பெரிய எழுத்தே இல்லாத மொழியில் எழுதிப் பழகிய கைக்கு இது எவ்வளவு தொல்லை என்று சொல்லத் தேவையில்லை. நான் ஒரு முறை சின்ன சி போட்டுவிட்டு என்/ஏ பிழை வருகிறதே என்று அரை மணி நேரம் எண்களைக் குடைந்துகொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால் சின்ன சி என்பதும் இந்த ஃபங்ஷனுக்குத் தெரிந்த அலகுதான், ஆனால் அது கலோரி! பாரன்ஹீட்டைக் கலோரியாக மாற்று என்று நான் கேட்டிருக்கிறேன், அது முடியாது என்று சொல்லியிருக்கிறது. அது சொன்னதுதான் நியாயம், ஆனால் என்/ஏ என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்குப் புரியும்? எழுத்துக் குழப்பமே வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் செல், ஃபா, கெல் என்று மூன்றெழுத்துப் பெயர்களும் உண்டு, மூன்றுமே சின்ன எழுத்து. நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன். எக்செல்லில் காற்புள்ளி போட்டதும் அலகுகளின் பட்டியல் கீழே விரியும், அதிலிருந்து எடுத்தால் தப்பே வராது. ஆனால் அவசரத்தில் அந்தப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு ஏன் ஃபங்ஷன், பள்ளியில் படித்த சூத்திரத்தையே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். 32-ஐக் கழி, 5-ஆல் பெருக்கு, 9-ஆல் வகு, அவ்வளவுதானே. போடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். பிரச்சினை அடைப்புக்குறி. (98.6-32)*5/9 என்றால் 37. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 98.6-32*5/9 என்று அடித்தால் ஷீட் முதலில் பெருக்கி வகுத்துவிட்டு அப்புறம்தான் கழிக்கும், 80.82 வரும். உடம்புச் சூட்டில் 80.82 வந்தால் யாருக்கும் உறைக்கும். ஆனால் உலையின் சூட்டைப் பார்க்கும் ஷீட்டில் இப்படி வந்தால் சும்மா நம்பிவிடுவோம், ஏனென்றால் அங்கே எந்த எண்ணைப் பார்த்தாலும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் போகும்போது 1.8-ஆல் பெருக்கிவிட்டு 32 கூட்ட வேண்டும், சிலர் 32-ஐ முதலில் கூட்டிவிட்டுப் பெருக்குவார்கள், 37 டிகிரி 124.2 ஆகிவிடும். கன்வர்ட்டில் இந்தத் தப்பெல்லாம் செய்யவே வழியில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கிற ஆளுக்கு எதிலிருந்து எதற்கு மாற்றினோம் என்று ஃபார்முலாவைப் படித்தாலே தெரியும். 5/9 என்று பார்த்து யோசிக்க வேண்டியதில்லை. அந்த ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் கன்வர்ட் உண்மையிலேயே ஜொலிக்கிற இடம் வேறு. அலகுகள் கலந்து கிடக்கும் கோப்பு. ஒரு இடத்திலிருந்து எனக்கு வந்த கோப்பில் ஒரு வரிசை பாரன்ஹீட், அடுத்தது செல்சியஸ், நடுநடுவே ஆய்வகத்திலிருந்து வந்த கெல்வின், நல்ல வேளையாகப் பக்கத்து நெடுவரிசையில் எது எந்த அலகு என்று ஒரே ஒரு எழுத்தில் குறித்திருந்தார்கள். கையால் சூத்திரம் போட்டால், நிபந்தனை பார்க்கும் இஃப் ஃபங்ஷனில் இஃப் உள்ளே இஃப் என்று போய்க்கொண்டே இருக்கும். கன்வர்ட்டில் எந்த அலகிலிருந்து என்ற இடத்தில் மேற்கோள்குறிக்குப் பதில் அந்த செல்லையே காட்டிவிடலாம். =கன்வர்ட்(ஏ2,பி2,"சி") போட்டு இழுத்தால் வேலை முடிந்தது. செல்சியஸ் செல்சியஸாகவே நிற்கும், மற்ற இரண்டும் மாறி வரும். சில வரிசையில் மட்டும் என்/ஏ வந்தது, பார்த்தால் எஃப்-க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. பி2-வை ஓரத்து இடைவெளியை நீக்கும் ட்ரிம்முக்குள் போட்டு, அதைப் பெரிய எழுத்தாக்கும் அப்பருக்குள் போட்டதும் எல்லாம் சரியானது. இந்த ஒரு வேலைக்காகவே 4 கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் குறைந்த ஒன்றுக்கு வருகிறேன்.

வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. கேட்கும்போது யாருக்குத்தான் இது தெரியாது என்றிருக்கும். ஷீட்டில் உட்கார்ந்தால் மறந்துவிடும். குளிரறை 4 டிகிரியில் இருக்க வேண்டும், 2 டிகிரி கூடக் குறைய இருக்கலாம் என்று செல்சியஸில் ஒரு விதி. பாரன்ஹீட்டில்தான் வேண்டும் என்று கேட்டார்கள். 4 இருந்த செல்லுக்குக் கன்வர்ட் போட்டேன், 39.2 வந்தது. அதே ஃபார்முலாவைப் பக்கத்துக்கு இழுத்தேன், 2 என்பது 35.6 ஆனது. அதாவது 39.2, அதில் 35.6 கூடலாம், குறையலாம். இந்த விதிப்படி அந்த அறை 3.6 பாரன்ஹீட்டில் கல்லாக உறையவும் செய்யலாம், 74.8-இல் சாதாரண அறை மாதிரியும் இருக்கலாம், இரண்டுமே சரி! அனுப்புவதற்கு முன்னால் தற்செயலாகக் கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். சரியான விடை 3.6. வித்தியாசத்தை மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கினால் போதும், அந்த 32-க்கு அங்கே வேலையே இல்லை, ஏனென்றால் கழிக்கும்போது இரண்டு பக்கமும் இருக்கும் 32 அடிபட்டுப் போய்விடுகிறது.

கன்வர்ட்டுக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 2 என்று கொடுத்தால் தெர்மாமீட்டரில் 2 என்று காட்டுகிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். வித்தியாசத்துக்கென்று தனி அலகு ஒன்றைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. கன்வர்ட்டையே பயன்படுத்தித்தான் தீர வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. 2-க்குக் கன்வர்ட் போட்டு, அதிலிருந்து பூஜ்ஜியத்தின் கன்வர்ட்டைக் கழித்துவிடுங்கள். 35.6-இலிருந்து 32 போக 3.6. ஆனால் இப்படிச் சுற்றிக்கொண்டு போவதற்கு 1.8-ஆல் பெருக்குவதே மேல், பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள்.

இதே வகையில் இன்னொன்று, இதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. சராசரி, அதிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம், இரண்டையும் பாரன்ஹீட்டில் கணக்கிட்டு வைத்திருந்தார் ஒருவர். இரண்டுக்கும் கன்வர்ட் போட்டார். சராசரி ஒழுங்காக மாறியது, ஏனென்றால் மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தாலும் சராசரி எடுத்துவிட்டு மாற்றினாலும் ஒன்றுதான். திட்ட விலக்கம் 1.5 இருந்தது, மைனஸ் 16.94 ஆகிவிட்டது. திட்ட விலக்கம் மைனஸில் வரவே வராது. அது எப்போதுமே பூஜ்ஜியம் அல்லது அதற்கு மேல். சரியான விடை 0.83. இந்தத் தப்புக்கு ஒரு நல்ல குணம், சின்ன எண்ணாக இருந்தால் மைனஸில் வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். எதிர்த்திசையில், செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டுக்குப் போகும்போது அந்த வசதியும் கிடையாது, 32 கூடித்தான் வரும், பார்க்க நியாயமான எண்ணாகவே தெரியும்.

சராசரியைப் பற்றிச் சொன்னதால் முதலில் புலம்பிய காலி செல் விஷயத்துக்கும் இங்கேயே தீர்வு சொல்லிவிடுகிறேன். முடிந்தால் மாற்றாத நெடுவரிசையிலேயே ஆவரேஜ் எடுத்து, வந்த ஒரே எண்ணை மாற்றுங்கள். ஆவரேஜ் காலி செல்லைச் சேர்க்காது. ஒவ்வொரு வரிசையும் மாறித்தான் வேண்டும் என்றால் இஃப் போட்டு, செல் காலியாக இருந்தால் காலியாகவே விடு என்று சொல்லிவிட்டு அதற்குள் கன்வர்ட்டை வையுங்கள். செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டுக்கு மாற்றுகிறவர்களுக்கு மைனஸ் 17.78-க்குப் பதில் 32 வரும், அது இன்னும் மோசம், சந்தேகமே வராத எண்.

காலியாவது பரவாயில்லை, நடக்கவே முடியாத எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மைனஸ் 500 பாரன்ஹீட் கொடுங்கள், மைனஸ் 295.56 செல்சியஸ் என்று முகம் மாறாமல் சொல்லும். தனிச்சுழியே மைனஸ் 459.67 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 273.15 செல்சியஸ். அதற்குக் கீழே எதுவும் போக முடியாது. சில கருவிகள் இணைப்பு அறுந்தால் மைனஸ் 999 என்று எழுதி வைக்கும், அதையும் மாற்றி மைனஸ் 572.78 என்று தந்துவிடும், அப்புறம் யாருக்கும் அது 999-இலிருந்து வந்தது என்று தெரியாது. மாற்றுவதற்கு முன்னாலேயே அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் டிகிரிக் குறி. செல்லுக்குள் 98.6 என்று அடித்து அதோடு டிகிரிக் குறியும் எஃப்-பும் அடித்தால் அது எண் இல்லை, எழுத்து. கன்வர்ட் வேல்யூ பிழை காட்டும். எண்ணை எண்ணாகவே விட்டுவிட்டு, கஸ்டம் நம்பர் ஃபார்மட்டில் 0.0 எழுதி, அதற்குப் பின்னால் மேற்கோள்குறிக்குள் டிகிரிக் குறியையும் எழுத்தையும் வைத்தால் பார்க்க அலகோடு தெரியும், உள்ளே சுத்தமான எண்ணாக இருக்கும். குறியை அடிக்க விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 0176, மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8. கெல்வினுக்கு டிகிரிக் குறி போடக்கூடாது, 1967-இலேயே எடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், ஃபார்மட் மாற்றுவதால் எண் மாறாது. 98.6-க்குப் பின்னால் சி என்று காட்டும்படி ஃபார்மட் வைத்துவிட்டு மாற்றியாகிவிட்டது என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

தசமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 72 பாரன்ஹீட்டை மாற்றினால் 22.2222222 என்று செல் நிரம்ப ஓடும். முழு எண்ணாக அளந்த கருவிக்கு ஏழு தசமம் எதற்கு? ஒரு பாரன்ஹீட் டிகிரி 0.56 செல்சியஸ் டிகிரி, அதனால் ஒரு தசமம் தாராளம். இந்த நோய் ஷீட்டுகளோடு வந்தது இல்லை. 98.6 என்ற புகழ்பெற்ற எண்ணே இப்படி வந்ததுதான்: ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் எழுதிய புத்தகத்தில் உடம்பின் சராசரிச் சூடு 37 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் அது 98.6 ஆனது, அந்த .6 என்னவோ கூர்ந்து அளந்து கண்டுபிடித்தது மாதிரி தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது. ரவுண்ட் ஃபங்ஷனைக் கன்வர்ட்டுக்கு வெளியே சுற்றிவிடுங்கள், இஃப் போட்டு 37-க்குச் சமமா என்று ஒப்பிடுகிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

மற்ற அலகுகள்: ரேங்கைன், ரேயோமூர் இரண்டும் இருக்கின்றன. தண்ணீர் 80 டிகிரியில் கொதிக்கும் அந்த ரேயோமூர் அளவை நான் வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை, சும்மா போட்டுப் பார்த்தேன், 100 செல்சியஸ் 80 ஆனது, திருப்தி. விஞ்ஞானி செல்சியஸ் 1742-இல் முதலில் சொன்ன அளவில் தண்ணீர் கொதிப்பது பூஜ்ஜியம், உறைவது 100, தலைகீழ். நல்ல வேளை, அதைப் பிறகு திருப்பிவிட்டார்கள்.

லிப்ரே ஆபிஸ் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பதிப்புகளில் கன்வர்ட் என்ற பெயர் பழைய ஐரோப்பிய நாணயங்களை யூரோவாக மாற்றும் வேலைக்குப் போயிருந்தது, அலகு மாற்றுவதற்குப் பெயரின் பின்னால் ஆட் என்று ஒட்டியிருக்கும். பழைய கோப்பைத் திறந்தால் குழம்ப வேண்டாம். மொழி அமைப்பைப் பொறுத்து காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்பதும் உண்டு. ஜெர்மன் எக்செல்லில் பெயரே உம்வாண்டல்ன், ஆனால் கோப்பை அங்கே திறந்தால் தானாக மாறிக்கொள்ளும்.

ஃபார்முலாவே வேண்டாம், இருக்கும் இடத்திலேயே எண்கள் மாறினால் போதும் என்பவர்கள் பேஸ்ட் ஸ்பெஷலில் பெருக்கு, கூட்டு என்று இருப்பதைப் பயன்படுத்துவார்கள். 1.8-ஐக் காப்பி செய்து பெருக்கு, 32-ஐக் காப்பி செய்து கூட்டு. வேகம்தான். ஆனால் மூல எண் அழிந்துவிடும், மாற்றியாயிற்றா இல்லையா என்று மறந்து மறுபடி ஒரு முறை செய்தால் திரும்பிப் போக வழி தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. மூல நெடுவரிசையைத் தொடாமல் பக்கத்தில் மாற்றுகிறேன், தலைப்பிலேயே அலகையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு சோதனை வரிசை. ஒவ்வொரு ஷீட்டின் மேலும் தெரிந்த ஒரு எண்ணை வைத்துப் பார்ப்பது என் பழக்கம். முதலில் மைனஸ் 40 வைத்திருந்தேன், இரண்டு அளவிலும் ஒரே எண் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று பெரிய புத்திசாலித்தனமாக நினைத்தேன். ஒரு நாள் எஃப்-பையும் சி-யையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன், மைனஸ் 40 மைனஸ் 40 ஆகவே நின்றது, சோதனை ஜோராகத் தேறியது, மற்ற எல்லாம் தப்பு. இப்போது 212 வைத்திருக்கிறேன். 100 வந்தால் சரி, 413.6 வந்தால் நான் மறுபடி திருப்பிப் போட்டுவிட்டேன்.